புத்தகத்துக்குள் போன பேச்சு

பூபதி எழுதிய நாவல் கட்டுக்கட்டாகச் சென்னை பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று காலையில், ஏரிப்பாளையம் முக்கில் இருக்கும் ரங்கசாமி டீக்கடையில், தறி ஓட்டும் ராசாமணி ஒரு மிடறு டீ குடித்துவிட்டு, தினமும் சொல்வதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. "டீத்தூள் டப்பாவத் தொறந்தயா, இல்ல தூர நின்னு காட்டுனயா?" என்று அவள் கேட்க வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் ரங்கசாமி அடுத்த டீயை ஆற்றுவான், பல வருசமாக அந்தக் கடையில் அப்படித்தான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அவன் கிளாசைப் பிடித்தபடி காத்து நின்றான்.

"என்னக்கா, தொண்ட கட்டிக்கிச்சா?"

"தொண்ட நல்லாத்தான் இருக்குது. அந்த வார்த்தையத்தான் காணோம்," என்றாள் ராசாமணி, வாசலில் விட்ட செருப்பைக் காணோம் என்பவளைப் போலச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் இன்னும் பல பேச்சுகள் காணாமல் போயின. குழாயடியில் சண்டைக்கு நின்ற ஒருத்திக்குப் பாதியிலேயே வசவு தீர்ந்துபோய், எதிராளியே எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. மகளைக் கொஞ்சப்போன ஒரு லாரி டிரைவருக்குக் கொஞ்சல் வரவில்லை, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவர் தன்னிடம் இருந்த ஒரே வேடிக்கைக் கதையை ஆரம்பித்து, நடுவில் நின்று, கையை விரித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்போதும் சிரிக்கிற இடத்தில் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து யாரோ அந்த நாவலைப் பிரித்து உரக்கப் படித்தபோது, மூன்றாம் பக்கத்திலேயே டீத்தூள் டப்பா வந்தது. ராசாமணி பெஞ்சைத் தட்டினாள். "அதேதான். அங்க போயி உக்காந்துட்டிருக்குது பாரு."

விசயம் அவ்வளவுதான். யாரும் ஊமையாகிவிடவில்லை. யார் யார் சொன்னதைப் பூபதி சொன்னது சொன்னபடி புத்தகத்தில் போட்டிருந்தானோ, அவரவர் வாயிலிருந்து அந்தந்த வாக்கியம் மட்டும் போய்விட்டது. மற்றவர்கள் அதைச் சொல்லலாம், படிக்கலாம், சொந்தக்காரருக்குத்தான் வராது. முன்னால் ஒரு 'சரி'யைச் சேர்த்தும் பின்னால் ஒரு 'ங்க'வைச் சேர்த்தும் ஏமாற்றிப் பார்த்தார்கள், அது அடையாளம் கண்டுகொண்டு உதட்டு வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. ஒரு வீட்டில் கரையான் அரித்து ஒரு பிரதி மண்ணாகிப் போனபோது யாருடைய பேச்சாவது திரும்புகிறதா என்று பார்த்தார்கள், திரும்பவில்லை. மதுரையிலும் சென்னையிலும் பிரதிகள் இருந்தன, அவற்றை எந்தக் கரையானிடம் சொல்லி அனுப்புவது.

பூபதி விசைத்தறிகள் ஓடும் குடோனில் வளர்ந்தவன். அவன் அப்பா இல்லாத குறை தெரியாமல் அம்மா பாவாயி, முதலாளி வையாபுரியின் குடோனில் தறி ஓட்டி அவனைப் படிக்கவைத்தாள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசற்படியை மிதித்த முதல் ஆள் அவன்தான். அங்கே நூலகத்தில் அவன் படித்த கதைகளில் ஒருவர்கூட அவன் தெருவில் பேசுவதுபோலப் பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவேண்டும் என்று, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதுவதென்று முடிவுசெய்து, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த நேரம்போக மீதி நேரமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தான். கேட்டதை நூல் சுற்றித் தீர்ந்த அட்டைக் கோன்களின் உட்புறத்தில் குறித்துவைப்பான். ஆட்களின் பெயரை மட்டும் பயந்து மாற்றினான். அப்போதும் பயம் தீராமல், முதல் பக்கத்தில், இதில் வரும் சம்பவங்கள் எல்லாம் கற்பனையே என்று ஒரு வரி போட்டான். சென்னையில் ஒரு பத்திரிகை, மக்களின் உயிருள்ள பேச்சை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டார் என்று அவனைப் பாராட்டி எழுதியது. அந்தப் பத்திரிகையை அவன் ஊரில் யாருக்கும் காட்டவில்லை.

ஊர் அவனைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவன் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான், கோபிக்காததால்தான் அவனுக்கு உட்காரவே முடியவில்லை. பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று, ஏரிக்கரையை ஒரு சுற்று என்று நடந்துகொண்டே இருந்தான், நடக்கிற வழியெல்லாம் ஊர் அந்த அதிசயத்தை வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டு உட்காரவைத்திருப்பதைப் பார்த்தான். டீக்கடையில் ராசாமணி கிளாசை வைத்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவாள், உடனே ரங்கசாமி, "டீத்தூள் டப்பாவத் தொறந்தயா, இல்ல தூர நின்னு காட்டுனயா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அடுத்த டீக்குக் கை வைப்பான். ரேசன் கடைத் தூணில் நாவலின் ஒரு பிரதியைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வேண்டியவர்கள் வந்து, பக்கத்தைப் புரட்டி, தங்கள் வரியின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். பெண்டாட்டியைச் சமாதானம் செய்யும் வார்த்தை போய்விட்ட ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திச் சொல்லவைத்தார். அந்தம்மா, "அவரு சொன்னா நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

பாவாயிக்குப் போனது ஒரே வரிதான். பூபதி செருப்பை மாட்டும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து, "ரெண்டு வாய் தின்னுட்டுப் போனா ரோடு என்ன ஓடியா போயிரும்?" என்பாள். இப்போது பேசாமல் தட்டை வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள். சொல்லுவதற்கு வேறு வாக்கியம் ஆயிரம் இருந்தது அவளிடம், ஒன்றையும் அந்த இடத்தில் வைத்துப்பார்க்க அவளுக்கு மனசில்லை. அவன் நின்றுகொண்டே தின்றுவிட்டு ஓடினான்.

பால்காரர் மனைவி ஒருநாள் ஜெராக்ஸ் கடைக்கே வந்துவிட்டாள். "சாமி, என்ற ஊட்டுக்காரரு குடிச்சுப்போட்டு என்னய ஒண்ணு சொல்லுவாரு. அதையும் அடுத்த புஸ்தகத்துல சேத்திப்போடு. நானே சொல்றேன், எழுதிக்க."

"அவரு வாயால நான் கேக்கோணுமுங்க அக்கா. அப்பத்தான் அப்பிடியே வரும்."

"சாயங்காலமா வா. அதொண்ணு மட்டும் தவறாமச் சொல்லுவாரு."

அவன் போகவில்லை. அடுத்த நாவலை எழுதவும் இல்லை. பேனாவை எடுத்தால், யாருடைய வாயிலோ கையை விடுவதுபோல இருந்தது.

இதெல்லாம் சிரிப்பும் பேச்சுமாகப் போயிருக்கும், ராசாமணியின் அத்தியாயம் மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லாமல் இருந்திருந்தால்.

நாவல் வருவதற்கு முந்தின வருசம் வையாபுரியின் குடோனில் கந்தாயி என்பவளின் மகள், தறி ஓட்ட வந்த சின்னப் பெண், மோட்டார் பெல்ட்டில் முந்தானை சிக்கிச் செத்துப்போனாள். பெல்ட்டின் மேல் ஒரு தகரக் கவர் இருக்கவேண்டும், அன்றைக்கு இல்லை. அதை நேரில் பார்த்தது அடுத்த தறியில் நின்ற ராசாமணி ஒருத்திதான். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், ஏரிக்கரையில் விறகு கட்டிக்கொண்டிருந்தபோது, பூபதி கேட்டான், அவள் சொன்னாள்; அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை, ஒரே மூச்சில், ஒரே தடவை. அவன் அதை ஒரு எழுத்து குறையாமல் ஓர் அத்தியாயமாக வைத்தான். சென்னைப் பத்திரிகை பாராட்டியதும் அந்த அத்தியாயத்தைத்தான்.

இப்போது அந்தச் சாவுக்கு ஜில்லா ஆபீசில் விசாரணை வந்தது. கவரைக் கழற்றியது அந்தப் பெண்ணேதான், தன் கவனக்குறைவால் செத்தாள் என்று வையாபுரியின் தரப்பு எழுதிக் கொடுத்திருந்தது. அதுவே நிலைத்துவிட்டால் கந்தாயிக்குக் கிடைக்கவேண்டிய நஷ்டஈடு கிடைக்காது, செத்தவள்மேல் பழியும் நிற்கும். கவர் போடாத பெல்ட்டுகள் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவில்தான் பாவாயியும் ராசாமணியும் தினமும் எட்டு மணிக்குப் போய் நின்றார்கள்.

தறித் தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மா, சாட்சி சொல்லப் பழக்கிப்பார்ப்பதற்காக, ராசாமணியின் வீட்டுக்கு வந்தாள். பூபதி வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். வக்கீலம்மா கேள்வி கேட்டாள், ராசாமணி வாயைத் திறந்தாள், காற்று வந்தது.

"உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்கம்மா."

"என்ற வார்த்தையெல்லாம் அங்கல்ல இருக்குது," என்று ராசாமணி அலமாரியில் இருந்த புத்தகத்தைக் காட்டினாள். பிறகு வேறு வார்த்தைகளைப் போட்டு முயன்றாள். ஒரு பெண் குனிந்ததாகவும், துணி மாட்டிக்கொண்டதாகவும், வருத்தமான சம்பவம் நடந்ததாகவும் சொல்லிக்கொண்டே போய், பாதியில் நிறுத்திவிட்டாள். "இது நான் பாத்ததில்லீங்க. வேற யாரோ பாத்தத நான் கேட்டுச் சொல்றாப்புல இருக்குது. குறுக்க ஒரு கேள்வி கேட்டா உளுந்துரும்."

"புத்தகத்தையே காட்டலாமுங்களா?" என்று பூபதி வாசலிலிருந்து கேட்டான்.

வக்கீலம்மா முதல் பக்கத்தைப் புரட்டி, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். எல்லாம் கற்பனையே. "இத நீங்கதான போட்டீங்க?"

அவன் மாட்டிய செருப்பை மறுபடி கழற்றினான். வக்கீலம்மா போனபிறகு, ராசாமணி அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னய நாலு திட்டுத் திட்டீருங்க்கா," என்றான்.

"திட்டறதெல்லாம் நீ எடுத்துட்டுப் போயிட்டயே கண்ணு," என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "கேக்கறப்ப காதக் குடுக்கறயாக்கும்னு நெனச்சேன்," என்று மட்டும் சொன்னாள்.

விசாரணைக்குக் குடோனிலிருந்து பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனார்கள், பூபதியும் கூடப் போனான். நீள மேசை, மேலே சுற்றுகிற ஃபேன், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் கம்ப்யூட்டரின் முன் ஒரு குமாஸ்தா. வையாபுரி வெள்ளை வேட்டி சட்டையில், சந்தனம் காயாத நெற்றியோடு, தன் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் குடோன் வாசலில் ஆள் உயரப் பலகையில் எழுதியிருந்தது, ஆனாலும் அதை யாரும் வாயால் சொன்னதில்லை, ஓனரு என்பார்கள், அவிய என்பார்கள். ஏரிப்பாளையத்தில் தறிக்காரர்கள் இரண்டு பெயர்களைச் சொல்லமாட்டார்கள். அகாலத்தில் செத்தவர்களின் பெயர் ஒன்று, ஓனரின் பெயர் ஒன்று. முதல் பெயரைச் சொன்னால் ஆள் வந்து நின்றுவிடும் என்று பயம், இரண்டாவது பெயரைச் சொன்னால் அந்த ஆளுக்குக் கேட்டுவிடும் என்று பயம். அன்று ஏரிக்கரையிலும் ராசாமணி கடைசிவரைக்கும் அந்தப் புள்ள, அந்தப் புள்ள என்றுதான் சொல்லியிருந்தாள், பூபதியும் அப்படியேதான் எழுதியிருந்தான்.

"பயப்படாமச் சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி. "என்ன பாத்தீங்க?"

ராசாமணி எழுந்து நின்று வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்தாள்.

"சாட்சிக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க மேடம்," என்றார் வையாபுரியின் வக்கீல்.

"இருங்க. ஏம்மா, இறந்துபோன பொண்ணோட பேராவது தெரியுமா?"

ராசாமணி திரும்பிக் கந்தாயியைப் பார்த்தாள். கந்தாயி, சொல்லு என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

"செல்வி," என்றாள் ராசாமணி.

கந்தாயி பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், மகள் வந்திருந்தால் உட்காரட்டும் என்று. அந்தப் பெயரின் பின்னாலேயே, அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல, ராசாமணியின் வாயில் அடுத்த சொல் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது.

"செல்வி தறியில நாடா மாத்தறதுக்குக் குனிஞ்சா. செல்வி முந்தானைய இறுக்கிச் சொருகித்தான் இருந்தா, நான் பாத்தேன். செல்விக்குப் பின்னால பெல்ட்டு ஓடுது. பெல்ட்டு செல்வி முந்தானைய இழுத்துச்சு. செல்வி மொதல்ல யாரோ வெளையாட்டுக்கு இழுக்கறாங்கன்னு நெனச்சு, சிரிச்சிட்டே திரும்புனா. பொறகு செல்வி என்னயப் பாத்தா. செல்வியக் காப்பாத்த நான் மெயின் சுச்சுக்கு ஓடுனேன். நான் போறதுக்குள்ள செல்வி போயிட்டா."

புத்தகத்தில் இருந்ததேதான். ஆனால் புத்தகத்தில் யாரோ ஒரு பெண் செத்தாள், இங்கே செல்வி செத்தாள். பெயர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு வாக்கியமும் வேறு வாக்கியமாகிவிட்டது, அதன்மேல் புத்தகத்துக்கு எந்தப் பிடியும் இல்லை. பூபதிக்கு அது புரிந்தபோது அறையில் எல்லாருக்குமே புரிந்திருந்தது, பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வையாபுரியின் வக்கீல் எழுந்தார். "பெல்ட்டுக்குக் கவர் இருந்ததா?"

"செல்வி தறியில கவரு இல்லீங்க."

"ஏன் இல்லை? செல்விதானே கழற்றிப் போட்டது?"

"செல்வி கழட்டுலீங்க."

"அப்புறம் யார்?"

அந்த இடத்தில் ராசாமணிக்குக் காற்றுதான் வந்தது. ஓனரு என்று அவள் உதடு குவிவதைப் பூபதி பார்த்தான், ஓனரு என்றுதான் அவள் ஏரிக்கரையில் சொன்னாள், ஓனரு என்றுதான் அவன் எழுதினான், அந்த வாக்கியம் அவனிடம் இருந்தது, அவளிடம் இல்லை. வக்கீல் அதிகாரியின் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். வையாபுரி ராசாமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்கவில்லை. வருசா வருசம் பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கும்போது பார்ப்பாரே, அதேபோலப் பார்த்தார், அதற்கு எதிரே நிற்பது முறைப்பதற்கு எதிரே நிற்பதைவிடக் கடினமாக இருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு அதே வாசல் வழியாகத்தான் அவள் உள்ளே போகவேண்டும். பாவாயி உட்கார்ந்தபடியே கையை நீட்டி அவள் சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வையாபுரி," என்றாள் ராசாமணி.

தெருவில் போகும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல அவர் தலையைத் திருப்பினார்.

"வையாபுரிதான் கழட்டச் சொன்னாரு. கவருக்குள்ள பஞ்சு அடையுது, மோட்டாரு சூடாகுது, நிறுத்தித் தொடச்சா தறி நிக்குதுன்னு வையாபுரி சொன்னாரு. கழட்டுன கவரு வையாபுரி குடோன் மூலையிலதான் கெடக்குது, இன்னிக்கும் கெடக்குது. போயிப் பாருங்க."

குமாஸ்தா டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் அப்போதுதான் பூபதிக்குக் கேட்டது. இதுவும் எழுத்தில் ஏறுகிறதே, இதுவும் போய்விடுமே என்று பாதி எழுந்துவிட்டான். அதிகாரி திரையைப் பார்த்து வாசித்துக் காட்டினார்: சாட்சி கூறுவது யாதெனில், மேற்படி சம்பவ நேரத்தில் மேற்படி இயந்திரத்தின் பாதுகாப்பு உறையானது நிர்வாகத்தின் வாய்மொழி உத்தரவின்பேரில் அகற்றப்பட்டிருந்தது எனத் தெரியவருகிறது. பூபதி உட்கார்ந்தான். அந்தப் பேச்சை உலகத்தில் எந்த மனுசனும் வாயால் பேசியதில்லை, அதனால் அது யாரிடமிருந்தும் எதையும் எடுக்கமுடியாது.

"நிர்வாகம்னா யாருங்க?" என்று ராசாமணி கேட்டாள். "பேரப் போடுங்க."

அதிகாரி அவளை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, குமாஸ்தாவிடம் பெயரைப் போடச் சொன்னார். அடுத்த நாளே குடோனை நேரில் பார்ப்பதாகவும் அதுவரைக்கும் தறி ஓடக்கூடாதென்றும் சொன்னார். வக்கீல் மேல்முறையீடு என்று ஏதோ சொல்லிக்கொண்டே காகிதங்களை அடுக்கினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பூபதி ராசாமணியின் பக்கத்தில் வந்து நின்றான். வரும்போதே யோசித்து வைத்திருந்ததைப்போல மளமளவென்று சொன்னான். "அக்கா, அடுத்த பதிப்புல கற்பனைங்கற வரிய எடுத்தர்றேன். நெச பேரையே போட்டர்றேன், ரெண்டு பேரையும். அதுதானுங்க நாயம்."

ராசாமணி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"போடு. வேண்டாங்கல," என்றாள். "கேசு இன்னும் மேல போகுமாம், அங்கயும் வந்து சொல்லோணுமாம். அது முடியற வரைக்கும் என்ற வாயிலயே இருக்கட்டும்."

பஸ் வந்தது. இருட்டத் தொடங்கியிருந்ததால் உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். பெண்கள் பின்பக்கம் மொத்தமாக உட்கார்ந்துகொண்டு, புது ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பதுபோல அந்தப் பெயரை ஒவ்வொருத்தியாகச் சொல்லிப் பார்த்தார்கள், முதலில் மெதுவாக, பிறகு சிரித்துக்கொண்டு, பிறகு சிரிக்காமல். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "யாருங்க்கா அது வையாபுரி?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான், எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள், அவரவர் தறியில் நடந்தது, அவரவர் விரலில் பட்டது, சொல்லாமல் வைத்திருந்தது அத்தனையும்.

பூபதிக்குக் காது தானாகத் திறந்துகொண்டது. கேட்டால் எழுதிவிடுவோம் என்று பயந்துபோய், தனக்கு முன்சீட்டில் பெண்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளைத் தொட்டான்.

"காதுக்கு வைக்கற பஞ்சு இருக்குதாம்மா?"

பாவாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, குடோனில் தறிச் சத்தத்துக்காகக் காதில் அடைத்துக்கொள்ளும் பஞ்சை எடுத்து, இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தாள். அவன் இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். சத்தம் நின்றது. கண்ணாடியில் பின்பக்க விளக்கும் பெண்களின் முகங்களும் தெரிந்தன. ஓடுகிற தறிகளுக்கு நடுவில் வளர்ந்த எல்லாரையும்போல அவனுக்கும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கத் தெரியும், ராசாமணி செல்வி என்பதும், கந்தாயி செல்வி என்பதும், அவன் அம்மா முதல் தடவையாக வையாபுரி என்பதும் அவனுக்கு அச்செழுத்துபோலத் தெரிந்தன. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.